கணக்கில் வராத 13 மில்லிமீட்டர்

'ஈர்ப்பு பற்றி ஐன்ஸ்டைன் சொன்னது தவறு என்று விண்கலங்கள் நிரூபித்துவிட்டனவாமே?' என்று பள்ளி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நிரூபிக்கவில்லை. ஆனால் அவர் கேள்விப்பட்ட புதிர் நிஜமானது.

தொலைதூரம் போகும் விண்கலம் வழியில் பூமியை நெருங்கிக் கடந்து, அதன் ஈர்ப்பால் வேகம் பெறும். சூரியனை வைத்து அளந்தால்தான் இந்த வேக மாற்றம். பூமியை வைத்து அளந்தால், வந்த வேகமும் விலகும் வேகமும் சமமாக இருக்க வேண்டும். ஆனால் 1990 டிசம்பரில் கலிலியோ விண்கலம் விநாடிக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் கூடுதல் வேகத்துடன் விலகியது. 1998 ஜனவரியில் நியர் விண்கலத்துக்கு 13 மில்லிமீட்டர் கூடியது. அதன் வேகத்தில் இது ஐந்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் ரேடியோ அலையின் டாப்ளர் மாற்றத்தை வைத்து இதைவிட நுண்ணிய வேறுபாட்டையும் அளக்க முடியும். மளிகைக் கடையில் கணக்கு எழுதிய என் அப்பா, கல்லாவில் நாலணா குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் பேரேட்டை முதலிலிருந்து புரட்டுவார். நாசா பொறியாளர்களும் அதைத்தான் செய்தார்கள். காற்றின் உராய்வு, கடல் ஏற்றவற்றம், சூரிய ஒளியின் அழுத்தம் எதுவும் பொருந்தவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இனிமேல்தான். 2008இல் விஞ்ஞானி ஜான் ஆண்டர்சன் குழுவினர் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். விண்கலத்தின் வேகத்தோடு, அது வந்த திசையும் போன திசையும் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகியிருந்தன என்று சொன்னால் போதும், கூடுதல் வேகம் கிடைத்துவிடும். நிலநடுக்கோட்டில் நிலம் சுழலும் வேகத்தை இரட்டித்து, ஒளியின் வேகத்தால் வகுத்த எண் அதற்குள் இருக்கிறது! 2005இல் மெசஞ்சர் விண்கலம் வடக்கே 31 பாகையில் வந்து, தெற்கே 32 பாகையில் போனது. சமச்சீர், கூடுதல் வேகம் அநேகமாகப் பூஜ்யம். பூமியின் சுழற்சிக்கும் இதற்கும் என்ன உறவு? சூத்திரம் காரணம் சொல்லவில்லை. நிலைமத்தையே திருத்தி எழுதலாம் என்றார் இயற்பியலாளர் மெக்கல்லக். பூமியைச் சூழ்ந்த கரும்பொருளாக இருக்கலாமா என்று ஆராய்ந்தார் இன்னொரு இயற்பியலாளர் ஸ்டீபன் ஆட்லர்.

ஆனால் ரோசெட்டா விண்கலம் 2007லும் 2009லும் பூமியைக் கடந்தபோது எதுவும் கூடவில்லை. 2013 அக்டோபரில் 559 கிலோமீட்டர் உயரத்தில் கடந்த ஜூனோ விண்கலத்திலும் இல்லை. சூத்திரம் அங்கே தோற்றது. பழைய 13 மில்லிமீட்டருக்கு இன்றுவரை எல்லோரும் ஏற்ற விடை இல்லை.

இதற்குள் 'ஐன்ஸ்டைன் வீழ்ந்தார்' என்று தலைப்புப் போடுவது அறிவியலுக்குச் செய்யும் துரோகம். பயனியர் விண்கலங்கள் கணக்கைவிடக் கூடுதலாக வேகம் குறைந்தபோதும் புதிய ஈர்ப்பு விதிகள் வரிசையாக வந்தன. விஞ்ஞானி துரிஷெவ் குழுவினர் பழைய காந்த நாடாக்களிலிருந்த தரவுகளைத் தேடி மீட்டு ஆராய்ந்தார்கள். கலத்தின் சொந்த வெப்பம் ஒரு பக்கமாக அதிகம் கசிந்ததே காரணம் என்று 2012இல் தெரிந்தது. அந்த நாடாக்கள் குப்பைக்குப் போயிருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது.

மாணவிக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் சேரும் கல்லூரி ஆய்வகத்தில் பழைய அளவீட்டுப் பதிவேடுகளை எடைக்குப் போட எடுத்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.