இன்னும் எவ்வளவு வளரும்?

தென்காசிப் பக்கம் இலஞ்சியில் அறுபதைத் தாண்டியவர்களிடம் பிறந்த தேதியைக் கேளுங்கள். நிறையப் பேர் மே, ஜூன் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, ஐந்து வயது நிறைகிற மாதிரி வாத்தியார் எழுதிக்கொண்ட தேதி அது. வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் எட்டினால் வயது வந்துவிட்டது. காகிதத்தை விட்டுவிட்டு உடம்பைக் கேட்ட அந்த முறையின் மேல் எனக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது. பத்து வயதுக்குள்ளேயே முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கிய குழந்தைக்கு, அதாவது சிறுவயது ஸ்கோலியோசிஸுக்கு, எப்போது ஆபரேஷன் என்று இன்றைய மருத்துவர்கள் முடிவு செய்வதும் ஏறக்குறைய அப்படித்தான். பிறந்த தேதியைக் குறித்துக்கொள்கிறார்கள், நம்புவது எலும்பை.

அந்தக் காலத்தில் இந்த வளைவு கண்ணில் பட்டதே தற்செயலாகத்தான். பாவாடையின் கரை ஒரு பக்கம் இறங்கித் தெரியும். அளவெடுக்கிற தையல்காரர், ஒரு தோள் ஏறியிருக்கிறதே என்பார். “ஏட்டி, நிமிந்து நில்லு” என்று முதுகில் ஒரு தட்டு விழும். ஆச்சி எண்ணெய் போட்டு நீவிவிடுவாள். “வளர வளரச் சரியாயிரும்” என்பார்கள் தெருவில். அதுவும் முழுப்பொய் இல்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் வளைவுகளில் பல தாமாகவே நிமிர்ந்துவிடும். எது நிமிரும், எது முற்றும் என்று விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் கோணத்தைக் கொண்டு பிரித்துச் சொல்ல 1972-இல் வழிகாட்டியவர் மின் மேத்தா என்ற பெண் மருத்துவர். அது தெரியாதவரை, சரியாகும் பிள்ளைக்கும் ஆகாத பிள்ளைக்கும் தெரு ஒரே ஆறுதலைத்தான் சொல்லியது. முற்றிய பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம்.

அங்கே போயும் அன்று கிடைத்திருக்கக்கூடிய ஆபரேஷன் ஒன்றுதான். வளைந்த பகுதியின் எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வளைவை அங்கேயே நிறுத்துவது. அமெரிக்காவின் பால் ஹாரிங்டன் 1962-இல் தன் உலோகக் கம்பி முறையை வெளியிட்ட பிறகு நிமிர்த்தி ஒட்டவைக்க முடிந்தது. நீளமான கோணல் முதுகைவிடக் குட்டையான நேர் முதுகு மேல் என்று அறுவை மருத்துவர்கள் மனதார நம்பினார்கள். வளர்ச்சிதான் வளைவைக் கூட்டுகிறது, ஆகவே வளர்ச்சியை நிறுத்து என்பது அவர்கள் கணக்கு.

கணக்கில் விட்டுப்போனது நெஞ்சுக்கூடு. கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை முதுகெலும்பு முதல் ஐந்து வருடத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் வளர்கிறது. அடுத்த ஐந்தில் 5. அதற்குப் பிறகு முடியும்வரை இன்னொரு 10. ஐந்து வயதில் நெஞ்சின் கொள்ளளவு பெரியவர்களுடையதில் ஏறக்குறைய 30 சதவீதம், பத்து வயதில் பாதி. நாலு வயதில் முதுகை ஒட்டவைத்தால் நுரையீரல் விரிய இடமே இருக்காது. அப்படிச் செய்யப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து மூச்சுத் திணறியபோதுதான் இது உறைத்தது. இன்னொன்றையும் 1989-இல் பிரான்ஸின் துபுசே விளக்கினார்: பின்பக்கத்தை மட்டும் ஒட்டவைத்தால் முன்பக்க எலும்பு வளர்ந்துகொண்டே போய், ஒட்டிய முதுகை முறுக்கிவிடுகிறது. நிறுத்திவிட்டோம் என்று நினைத்த வளர்ச்சி நிற்கவே இல்லை.

வளரும் முதுகு நோய் ஆறிய பிறகும் தன் போக்கில் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு பெரிய சான்று வந்தது. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன், முதுகெலும்புக் காசநோய் வந்து குணமான குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001-இல் எழுதினார். அது முன்கூனல், பக்க வளைவு அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. பாதிப்புகளில் 44 சதவீதத்தில் வளர வளரக் கூன் குறைந்தது. 39 சதவீதத்தில் வளர்ச்சி முடியும்வரை கூடிக்கொண்டே போனது. எது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே காட்டும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களையும் வகுத்துக் கொடுத்தார். தெருவில் சொன்ன “வளர வளர” என்பதற்கு இரண்டு முடிவுகள் உண்டு என்பதை இவ்வளவு துல்லியமாக யாரும் அளந்து காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

எனவே இன்றைய கேள்வி, இன்னும் எவ்வளவு வளரும் என்பது. 1958-இல் எலும்பு மருத்துவர் ரிஸ்ஸர் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் புதிதாக எலும்பு படிவதைப் பார்த்துக் கணித்தார். ஆனால் அது தெரியும்போது வேகமான வளர்ச்சி முடிந்திருக்கும். பெண்பிள்ளை வயதுக்கு வருவதும் அப்படியே. சடங்கு வைக்கும்போதுதான் இனி வளரப்போகிறாள் என்று வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் உச்ச வேகம் அதற்கு முன்பே கடந்திருக்கும். அந்த நாளை மருத்துவர் கேட்டால் அம்மாக்கள் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

முன்கூட்டியே பேசுவது கை. இடக்கையை எக்ஸ்ரே எடுத்து, 1950-இல் கிரூலிக்கும் பைலும் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துத் தொகுத்த படநூலோடு ஒப்பிடுவார்கள். வயதுக்குக் காகிதம் இல்லாதபோது நம் நீதிமன்றங்களும் எலும்பு எக்ஸ்ரேயைத்தான் பார்க்கின்றன. இரண்டு வருடம் முன்பின் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஜெயமாலா வழக்கில் சொன்னது. வழக்குக்கு அது பொறுக்கும். வளரும் முதுகுக்கு இரண்டு வருடம் பெரிய தொகை. அதனால்தான் எலும்பு மருத்துவர் சாண்டர்ஸ் 2008-இல் வயது எண்ணை விட்டு, விரல் எலும்புகளின் வளர்தட்டுகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று எட்டு நிலைகளாகப் பிரித்தார். விரல் நுனி எலும்புகளில் தட்டு மூடத் தொடங்கினால் வேகம் தணிகிறது என்று பொருள்.

அதுவரை காலத்தை வாங்குவதே சிகிச்சை. சின்னக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்து மாவுக்கட்டுச் சட்டை, மாற்றி மாற்றி. பிறகு பெல்ட். போதாவிட்டால் மேலும் கீழும் மட்டும் பொருத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆபரேஷன் செய்து நீட்டும் கம்பி. வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் கம்பி வந்தபோது கத்தியிலிருந்து விடுதலை என்று மகிழ்ந்தோம். உலோகத் துகள் உதிர்வதாகப் புகார் எழுந்து 2020-இல் பிரிட்டனில் அதன் விநியோகத்தை நிறுத்திவைத்தார்கள்.

எலும்பு முதிர்ந்த பின் கடைசியாக ஒட்டவைக்கும் ஆபரேஷன் எல்லோருக்கும் வேண்டுமா என்பதிலும் இப்போது ஒரே கருத்து இல்லை. பல வருடம் கம்பியோடு இருந்த முதுகு உள்ளே தானாகவே ஒட்டிக்கொள்வதுண்டு. வளைவு அடங்கியிருந்தால் கம்பியை அப்படியே விட்டுவிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அந்த முடிவுக்குப் பழைய படங்கள் வேண்டும். தென்காசியிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள், முதன்முதலில் எடுத்த எக்ஸ்ரேயிலிருந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். ஒவ்வொரு முறையும் அளந்த உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.