கழுகுமலைக் கல்வெட்டும் கேம்பிரியப் புதைபடிவமும்: கால ஒப்பீட்டு முறை – ஒரு விளக்கம்

முன்னுரை

கோவில்பட்டியை அடுத்த கரிசல் நிலத்தில் எழுந்து நிற்கும் கழுகுமலையில் சமணத் திருமேனிகளும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஆண்டுக் குறிப்பு இல்லாத கல்வெட்டுகளின் காலத்தை, காலம் அறியப்பட்ட பிற கல்வெட்டுகளின் எழுத்தமைதியோடு ஒப்பிட்டு அறிஞர் கணிக்கின்றனர். காலந்தோறும் மாறும் வடிவமே இங்குச் சான்றாகிறது. கேம்பிரியக் காலப் பாறைகளை டிரைலோபைட் புதைபடிவங்களைக் கொண்டு ஒப்பிடும் நிலவியல் முறையும் இத்தகையதே. அதன் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பாறை ஒப்புமையும் கால ஒப்புமையும்

இரு நாடுகளில் ஒரே வகைச் சுண்ணாம்புக்கல் காணப்படுவதால் மட்டும் அவை ஒரே காலத்தில் படிந்தவை ஆகிவிடா. ஒத்த கடற்சூழல் எக்காலத்திலும் ஒத்த பாறையை உருவாக்கக்கூடும். ஆனால், மறைந்துபோன உயிரினம் மீண்டும் தோன்றுவதில்லை. ஆகவே, பாறையின் நிறமும் தன்மையும் அன்றி, அடுக்குகளில் உயிரினங்கள் தோன்றி மறையும் வரிசையே காலத்தைக் காட்டுகிறது.

டிரைலோபைட்டின் தகுதி

டிரைலோபைட், நெடுக்குவாட்டில் மூன்று மடல்களாகப் பகுக்கப்பட்ட உடலை உடைய, அற்றுப்போன கடல்வாழ் கணுக்காலி. ஏறத்தாழ 54 கோடி முதல் 49 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியக் காலத்தில் இவ்வினங்கள் பெருகி விரைந்து மாறின. இவற்றின் ஓடு சுண்ணாம்புத் தன்மையது, வளருந்தோறும் கழற்றப்பட்டது. எனவே, ஓர் உயிரே பல எச்சங்களை விட்டுச்செல்ல இயன்றது.

ஸ்பிதிச் சான்று

இமயமலையின் ஸ்பிதிப் பகுதியில் எச். எச். ஹேடன் திரட்டிய புதைபடிவங்களை ஆராய்ந்த எஃப். ஆர். கௌப்பர் ரீட், 1910இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். அவற்றுள் ஒன்று இன்று ஒரிக்டோசெபாலஸ் இண்டிகஸ் எனப்படுகிறது. இவ்வினம் தென்சீனத்திலும் அமெரிக்காவின் நெவாடாவிலும் கிடைக்கிறது. 2018இல், சீனாவின் குயிசோ மாநிலத்துப் பாறைத்தொடர் ஒன்றில் இவ்வினம் முதன்முதலில் தோன்றும் மட்டமே வூலியுவன் எனும் உலகளாவிய காலநிலையின் தொடக்கமாக ஏற்கப்பட்டது. இந்தியப் பெயர் தாங்கிய உயிரினம் உலகக் கால அளவையின் எல்லைக்கல்லாயிற்று.

முறையின் எல்லைகள்

எல்லா இனங்களும் எங்கும் பரவவில்லை. ரெட்லிகியா வகை சீனா, ஆஸ்திரேலியா, இமயப் பகுதிகளிலும், ஓலெனெல்லஸ் வகை வட அமெரிக்கா, ஸ்காட்லாந்து முதலிய இடங்களிலும் வாழ்ந்தன. இவ்விரு வட்டாரங்களின் தொடக்கக் கேம்பிரிய அடுக்குகளை நேரடியாக ஒப்பிடுவது கடினம். திறந்த கடலில் பரவிய அக்னோஸ்டிடு போன்ற வகைகளே பிற்பட்ட அடுக்குகளில் இவ்விடைவெளியை நிரப்புகின்றன. மேலும், ஓர் இனம் எல்லாக் கடல்களையும் ஒரே வேளையில் அடைந்திருக்க வேண்டியதில்லை. பழைய எழுத்து ஓர் ஊரில் நீடித்து வழங்கினால் கல்வெட்டுக் கணிப்பு பிறழ்வது போன்றதே இது. ஆதலால் தனி ஓர் இனத்தை மட்டும் நம்பாமல், பல இனங்களின் வரிசையையும் கரிம ஓரிடத்தான் அளவீடுகளையும் ஆய்வாளர் சேர்த்து நோக்குகின்றனர்.

முடிவுரை

கழுகுமலைப் பாறையில் டிரைலோபைட்டைத் தேடிப் பயனில்லை. தென் தமிழகத்தின் படிகப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தால் உருவானவையும் உருமாறியவையும் ஆகும். அவற்றின் காலத்தைச் சிர்கான் கனிமத்திலுள்ள யுரேனியம், ஈய அளவுகளே உரைக்கும். கல்லின் காலம் வேறு, கல்மேல் எழுத்தின் காலம் வேறு. சான்றின் இயல்பறிந்து முறையைத் தேர்வதே இரு துறைகளுக்கும் பொதுவான நெறியாகும்.