புகலிடம் நாடும் பெண்ணின் வழக்கு

ஹைதராபாத் நகரிலே ஏ. ஸி. கார்ட்ஸ் என்றொரு பகுதி உண்டு. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைக் காவற்படையைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கமே அப்பெயர். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் படை கலைக்கப்பட்டது. வீரர்களின் வழித்தோன்றல்களாகிய சித்தி மக்கள் அவ்விடத்திலேயே நிலைத்துவிட்டனர். இன்றும் அந்நகரத்துத் திருமணங்களில் அவர்களுடைய மர்ஃபா மேளம் முழங்கக் கேட்கலாம்.

1991-இல் சோமாலியாவில் அரசு வீழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபின், இதே நகருக்கு வேறு வகை ஆப்பிரிக்கர் வந்து சேர்ந்தனர். உயிர் பிழைக்க வந்தோரும், கல்வி பயில வந்து தாயகம் திரும்ப இயலாமற் போனோரும் அவர்களுள் இருந்தனர். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை. ஆயினும், நமது அரசியலமைப்பின் 21-ஆம் விதி குடிமகனை மட்டுமன்றி எந்த மனிதனின் உயிரையும் காப்பதாகும். சக்மா மக்கள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. சோமாலியர் போன்றோரின் கோரிக்கையை விசாரித்து அகதி அட்டை வழங்குவது டில்லியிலுள்ள ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம்.

அவ்விசாரணையிலேதான் பெண்ணுக்கு இடர் நேர்கிறது. இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்டதொரு சமூகக் குழு, அரசியற் கருத்து என ஐந்து காரணங்களை உடன்படிக்கை கூறுகிறது. பெண்ணாய்ப் பிறந்தமையால் வரும் துன்பம் அப்பட்டியலில் இல்லை! கட்டாய மணத்திற்கும் உறுப்பைச் சிதைக்கும் சடங்கிற்கும் அஞ்சி ஓடிவந்தவள் எக்காரணத்தைக் கூறுவாள்?

இவ்வினாவை உலகின் முன் வைத்தோருள் புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கப் பெண்கள் குறிப்பிடத்தக்கவர்கள். கானா நாட்டில் பிறந்த எஃபுவா டார்கெனு 1983-இல் லண்டனில் ஃபார்வர்ட் என்னும் அமைப்பை நிறுவி, அச்சடங்கை எதிர்த்துப் போராடினார். டோகோவிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற ஃபௌசியா கசிஞ்சா, ஓராண்டுக்கு மேல் காவலில் வாடியபின் 1996-இல் புகலிடம் பெற்றார். சடங்கிற்கு உட்பட மறுத்த அவர் 'சமூகக் குழு' என்ற காரணத்தின்கீழ் வருபவரே என அந்நாட்டுக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. உயர் ஆணையர் அலுவலகம் 2002-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் அவ்வாறே பொருள் கொள்கின்றன. கணவனின் மனுவோடு மனுவாக மனைவியைச் சேர்த்துவிடாமல் அவளைத் தனியே விசாரிக்க வேண்டும். கேட்பவரும் மொழிபெயர்ப்பவரும் பெண்களாயிருத்தல் நலம் என்றும் அவை கூறுகின்றன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இக்கடைசிக் கூற்றே முக்கியமாகப் படுகிறது. ஹைதராபாத் போன்ற ஊரில் சோமாலியர் சிலரே, ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மொழிபெயர்க்க அமர்ந்தவர் கணவனின் உறவினராயிருப்பின், அவள் தன் துயரத்தைக் கூறாமலே எழுந்து போய்விடுவாள். கோப்பிலே அது 'காரணம் இல்லை' என்று பதிவாகும்.