பிறப்பு வரிசையும் ஆளுமையும்: ஒரு மீள்பார்வை

முன்னுரை

மூத்த பிள்ளை பொறுப்பு மிக்கது, நடுப்பிள்ளை விட்டுக்கொடுப்பது, கடைக்குட்டி செல்லமாய் வளர்வது என்பன குடும்பங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்துகளாகும். தமிழில் உடன்பிறந்தாரைக் குறிக்கும் சொற்களே இவ்வரிசையை உணர்த்துவன. ஆங்கிலம் ‘பிரதர்’ என ஒரே சொல்லால் சுட்டுவதைத் தமிழ் அண்ணன் என்றும் தம்பி என்றும் பிரித்தே வழங்கும். உறவில் வரிசை இத்துணை முதன்மை பெறுவதால், குணத்தையும் அதுவே வரையறுக்கும் என எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்திற்குச் சான்றுகள் எந்த அளவு வலுச்சேர்க்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கோட்பாட்டின் தோற்றம்

இங்கிலாந்து அறிவியலாளருள் மூத்த புதல்வர் மிகுந்திருப்பதை 1874இல் பிரான்சிஸ் கால்டன் சுட்டினார். வியன்னா உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937) இச்சிந்தனையைக் கோட்பாடாக வளர்த்தார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த குழந்தை, அரியணை இழந்த அரசனைப் போலத் தன் தனியிடத்தை இழக்கிறது என்பது அவர் கருத்து. இளையோர் புதுமைக் கருத்துகளை எளிதில் ஏற்பர் என 1996இல் ஃபிராங்க் சல்லோவே வாதிட்டார்.

ஆய்வுகள் காட்டுவன

இக்கருத்துகளைச் சோதிப்பதில் இரு இடர்ப்பாடுகள் உள்ளன. பெற்றோர் பத்து வயதுப் பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளையோடு ஒப்பிடுகின்றனர். வயது தரும் முதிர்ச்சி வரிசை தந்த குணமாகத் தோன்றிவிடுகிறது. மேலும், ஐந்தாம் பிள்ளை பெரிய குடும்பத்தில்தான் இருக்க இயலும். எனவே குடும்பச் சூழலின் தாக்கமும் வரிசையின் தாக்கமாக எண்ணப்படுகிறது.

இவற்றைக் கருத்திற்கொண்டு அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளிவந்த ஆய்வு, பொறுப்புணர்வு, இணக்கம், மனஉறுதி, கலகலப்பு ஆகிய பண்புகளில் பிறப்பு வரிசையின் தாக்கத்தைக் காணவில்லை. பின்னர் வந்த பெரிய ஆய்வொன்று இணக்கம், நேர்மை ஆகியவற்றில் சிறு வேறுபாடுகளைக் கண்டது. அவையும் பெரிதும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு தொடர்புடையவை.

அறிவுத்திறனில் மட்டும் சிறு வேறுபாடு தொடர்ந்து காணப்படுகிறது. 2007இல் நார்வேயில் ஏறத்தாழ 240,000 இளைஞர்களின் படைச்சேர்ப்புத் தேர்வுத் தரவுகளை ஆராய்ந்தபோது, மூத்தோர் இரண்டாமவரைவிடச் சராசரியாக இரண்டு முதல் மூன்று புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருந்தனர். எனினும், மூத்த குழந்தை இறந்தபின் அவ்விடத்தில் வளர்ந்த இரண்டாமவர் மூத்தோருக்கு நிகரான புள்ளிகளையே பெற்றனர். ஆகவே, பிறந்த வரிசையைவிட வளர்ந்த இடமே காரணமாகிறது எனலாம். இளையோருக்குக் கற்பிக்கும் வாய்ப்பு மூத்தோரின் அறிவை வளர்க்கக்கூடும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

முடிவுரை

வரிசை ஒரு பிள்ளைக்கு வீட்டில் கடமையை வகுக்கலாம். அக்கடமையே அதன் ஆளுமை ஆகிவிடாது. வீட்டில் தம்பி தங்கையரை ஆளும் அக்காள் வகுப்பறையில் கூச்சத்தோடு ஒதுங்கியிருக்கலாம். இரண்டு மூன்று புள்ளிச் சராசரி வேறுபாடு தனியொரு மாணவரின் திறனை உரைக்காது. “உன் அண்ணன் இப்படியா படித்தான்?” என்னும் வினாவை எழுப்பும் முன் ஆசிரியர் இதனை நினைவிற்கொள்வது நலம். தம்பியாகப் பிறந்தவன் வகுப்பறையிலேனும் தானாகவே அறியப்படும் உரிமை உடையவன்.