அப்டேட் போட்டதும் புரோகிராம் ஓடவில்லையா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் படியுங்கள்!

இரவு படுக்கப்போகும் நேரத்தில் 'புதிய வெர்ஷன் தயார்' என்கிறது லேப்டாப். சரி என்று தட்டிவிட்டுத் தூங்கினால் காலையில் திரை பளிச்சென்று இருக்கிறது. போட்டோக்கள் இருக்கின்றன, பாட்டு ஓடுகிறது, இன்டர்நெட் வருகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளையின் முகம் மட்டும் வாடிக் கிடக்கிறது. நேற்றுவரை ஓடிய புராஜெக்ட் இன்று ஓடவில்லை. ரிவ்யூவுக்கோ இன்னும் இரண்டே நாள்!

பதற்றத்தில் பலரும் சர்வீஸ் கடைக்கு ஓடுவார்கள். 'ஃபார்மேட் போட்டுடலாம் சார்' என்று பதில் வரும். ஃபார்மேட் என்றால் டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பது. பேக்கப் எடுக்காமல் தலையாட்டினால், மாதக்கணக்கில் எழுதிய கோடும் சேர்ந்து போய்விடும். ஆனால் பெரும்பாலான நேரங்களில் அந்தக் கோடுக்கு எதுவும் ஆகியிருக்காது. அது நம்பியிருந்த ஏதோ ஒரு கருவிதான் இடம் மாறியிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது?

வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்ததும் அஞ்சறைப் பெட்டி வேறு அலமாரிக்குப் போயிருக்கும். பழக்கத்தில் பழைய அலமாரியைத் திறந்தால் காலியாக இருக்கும். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். 'கிட்', 'பைத்தான்', கம்பைலர் போன்ற கருவிகள் எந்த ஃபோல்டரில், எந்த வெர்ஷனில் இருக்கின்றன என்பதை நம்பித்தான் புராஜெக்ட் ஓடுகிறது. பெரிய அப்கிரேடு வந்தால் அந்த விலாசங்கள் மாறலாம். சில கருவிகளை நிறுவனமே எடுத்துவிடுவதும் உண்டு.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

மேக் அப்கிரேடு முடிந்து 'கிட்' கட்டளை கொடுத்ததும் 'இன்வேலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்' என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். மேக்கில் கிட்டும் கம்பைலரும் 'கமாண்ட் லைன் டூல்ஸ்' என்ற தனித் தொகுப்பில் வருகின்றன. அப்கிரேடுக்குப் பிறகு அந்தத் தொகுப்பு காணாமல் போயிருந்தால் இந்தச் செய்தி வரும். டெர்மினலைத் திறந்து 'எக்ஸ்கோட்-செலக்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபன் போட்டு 'இன்ஸ்டால்' என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் இன்ஸ்டால் கொடுத்தால் போதும். இதற்குக் கட்டணம் கிடையாது.

'பைத்தான்' என்ற கட்டளையே இல்லை என்று வந்தால் காரணம் வேறு. 2022 மார்ச்சில் வந்த மேக் ஓஎஸ் 12.3-ல் பழைய பைத்தான் 2.7-ஐ ஆப்பிள் நீக்கிவிட்டது. 'பைத்தான்3' என்று தட்டிப் பாருங்கள். கோடே பழைய பைத்தான் 2-ல் எழுதியதாக இருந்தால், அதைப் புதிய பைத்தானுக்கு மாற்றி எழுதுவதுதான் வழி. 'ஹோம்புரூ' வழியாகக் கருவிகளை நிறுவியவர்கள் 'புரூ டாக்டர்' என்று தட்டினால், எங்கே கோளாறு இருக்கலாம் என்று அதுவே பட்டியல் போடும்.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு

உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெர்ஷன் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. 22.04-ல் பைத்தான் 3.10 இருந்தது, 24.04-ல் 3.12. பழைய வெர்ஷனை வைத்து உருவாக்கிய 'விர்ச்சுவல் என்விரான்மென்ட்' ஃபோல்டர் புதியதில் ஓடாது. எல்லா லைப்ரரிகளும் அதற்குள் பத்திரமாக இருந்தும் 'மாட்யூல் இல்லை' என்றே பிழை வரும். புதிய பைத்தான் 3.12 என்ற பெயருள்ள ஃபோல்டரைத் தேடுகிறது, லைப்ரரிகளோ 3.10-ல் இருக்கின்றன.

இதற்கு மருந்து, அந்த என்விரான்மென்ட்டைப் புதிதாக உருவாக்கி லைப்ரரிகளை மறுபடி நிறுவுவது. எவையெல்லாம் இருந்தன என்று நினைவில்லையா? பழைய ஃபோல்டருக்குள் 'லிப்', 'பைத்தான்3.10', 'சைட்-பேக்கேஜஸ்' என்று வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு லைப்ரரியின் பெயரும் வெர்ஷன் எண்ணும் அங்கே இருக்கும். அதைக் குறித்துக்கொண்ட பிறகே பழையதை நீக்குங்கள்.

அவசரத்தில் சிலர் சிஸ்டத்தின் பைத்தானையே பழைய வெர்ஷனுக்கு மாற்றப் பார்ப்பார்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. உபுண்டுவின் சொந்த வேலைகள் பலவும் அந்த பைத்தானை நம்பியே நடக்கின்றன. மாற்றினால் டெர்மினலே திறக்காமல் போகலாம்.

வெளியிலிருந்து சேர்த்த மென்பொருள் களஞ்சியங்களையும் உபுண்டு அப்கிரேடின்போது நிறுத்திவைக்கும். புதிய வெர்ஷனுக்கு ஏற்ற பதிப்பு அங்கே வந்துவிட்டதா என்று பார்த்து, பிறகு மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

விண்டோஸில்

பெரிய அப்கிரேடு ஒத்துவரவில்லை என்றால், செட்டிங்ஸில் 'ரிகவரி' பகுதியில் 'கோ பேக்' வசதி இருக்கிறது. வழக்கமாக 10 நாள்கள் வரைதான் இது கிடைக்கும். அந்தக் கெடுவுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்த முறை அப்டேட் போடும் முன்...

* புராஜெக்ட் ஃபோல்டரை பென் டிரைவிலோ ஆன்லைனிலோ ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.

* பைத்தான் என்றால் 'பிப் ஃப்ரீஸ்' கட்டளை தரும் லைப்ரரி பட்டியலை ஒரு ஃபைலில் சேமியுங்கள். அது இருந்தால் மறுபடி நிறுவுவது ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

* தேர்வு, ரிவ்யூ, இன்டர்வியூ நெருங்கும் வாரத்தில் பெரிய அப்கிரேடு வேண்டாம். அதற்காகச் சிறிய பாதுகாப்பு அப்டேட்களையும் தள்ளிப்போடாதீர்கள். வைரஸிலிருந்து காப்பவை அவைதான்.

பிழைச் செய்தி திரை முழுக்க ஓடினாலும் நிதானமாக முதல் சில வரிகளையும் கடைசி வரியையும் படியுங்கள். எந்தக் கருவி, எந்த ஃபோல்டர் என்ற விவரம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதையும் மீறிப் புரியவில்லை என்றால் கடைக்குப் போகலாம், தப்பில்லை. 'முதலில் பேக்கப் எடுங்கள், பிறகு கை வையுங்கள்' என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைக் கொடுங்கள்.