தொற்றுநோயும் தவக்குலும்



நோயைத் தருபவனும் குணமளிப்பவனும் அல்லாஹ்வே என்றிருக்க, கிருமிக்கு அஞ்சுவது ஏன் என்று கேட்போர் நம்மிடையே உள்ளனர். நோய் தானாகத் தொற்றுவதில்லை என்ற நபிமொழியை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவர். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்று தடுத்தவர்களும் அதே பெருமானார் (ஸல்) அவர்கள்தாம். முந்தியது, இறைநாட்டமின்றி நோய்க்குச் சுய ஆற்றல் உண்டு என்ற அறியாமைக்கால நம்பிக்கையை மறுக்கிறது. பிந்தியது, காரணங்களைப் பேணுமாறு ஏவுகிறது. ஹதீஸ் கலை அறிஞர் பலரின் விளக்கம் இது.

ஹஜ்ரத் உமர் (ரழி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப முடிவு செய்தார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரழி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின்பால் செல்வதாக உமர் (ரழி) விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும், அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் எடுத்துரைத்ததும் அப்போதுதான். ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டின் அந்த அம்வாஸ் கொள்ளை நோயில் அபூஉபைதா (ரழி) அவர்களே ஷஹீதானார்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ர் பின் ஆஸ் (ரழி) அவர்கள் மக்களை மலைகளுக்குப் பிரிந்து செல்லப் பணித்தார்கள், நோய் நீங்கியது.

இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. ஹிஜ்ரி 833-இல் (கி.பி. 1430) கெய்ரோவில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோர் மாண்டுகொண்டிருந்தனர். மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, பாலைவெளியில் பெருங்கூட்டமாகத் திரண்டு துஆச் செய்தனர். அம்மாதம் முடிவதற்குள் இறப்பு நாளொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டியது. இதனைப் பதிவு செய்தவர் ஃபத்ஹுல் பாரீ ஆசிரியர் இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள். தம் மகள்களையே கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்தவர். துஆவை அவர் மறுக்கவில்லை. முன்னோரிடம் மாதிரி இல்லாத அந்தத் திரளலைத்தான் மறுத்தார்.

அந்நோயின் பாக்டீரியாவை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்தார். எலியின் தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புவதை 1898-இல் கராச்சியில் சிமோன் காட்டினார். இன்று உரிய காலத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பிளேக் குணமாகும். (சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது, அதற்கு இம்மருந்து பயன்படாது. கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.)

நம் வீடுகளில் மறைக்கப்படுவது காசநோய். பெண்ணின் நிகாஹ் தடைபடுமே என்று மூடிவைக்கிறார்கள். அந்தப் பெண்ணோ இருமிக்கொண்டே அடுப்படியில் நிற்கிறாள். 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்த இக்கிருமி, நுரையீரல் நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் பரவுகிறது. ஒரே சஹனில் உண்பதாலோ முஸாஃபஹா செய்வதாலோ பரவுவதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்ததையும், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதையும் உலகுக்குக் காட்டியது. ஆகவே நோயாளியை ஒதுக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். மருந்தும் அங்கே இலவசம்.

பொதுவாக ஆறு மாதம் மருந்துண்ண வேண்டும். இரண்டே மாதத்தில் காய்ச்சல் நீங்கி எடை கூடியதும் பலர் நிறுத்திவிடுகின்றனர். இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. சில உறங்குவதுபோல் கிடக்கும். பாதியில் நிறுத்தினால் எஞ்சியவை மீண்டும் கிளம்பும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறலாம். ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகும். அது இரத்தமன்று, அஞ்ச வேண்டாம். ரமளானில் மாத்திரையை ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்னோ உண்ண இயலுமா என மருத்துவரிடம் கேளுங்கள். இயலாதெனில் நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம். மாத்திரையைக் களாச் செய்ய வழியில்லை.

முறையாக மருந்துண்டால் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறையும். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஜும்ஆவுக்குப் பகரமாக வீட்டில் லுஹர் தொழலாம். பச்சை வெங்காயம் உண்டவரையே பிறர் துன்புறாதிருக்கப் பள்ளியிலிருந்து விலகியிருக்கச் சொன்ன மார்க்கம் இது. பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஏசி பொருத்தியிருந்தாலும், தொழுகைக்கு முன்னும் பின்னும் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள்.