தாத்தாவோட ரைபிள்: சொத்தா, செலவா? நோணாங்குப்பத்துல இருந்து வந்த ஒரு கேள்வி

போன வாரம் தங்கம் பத்தின வீடியோவுக்குக் கீழே நோணாங்குப்பத்துல இருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். வயசு 27, தனியார் கம்பெனி வேலை. தாத்தா வாங்கின .315 ரைபிள் இப்போ 71 வயசான அப்பா பேர்ல இருக்கு. அப்பா இவர் பேருக்கு மாத்தச் சொல்றார். இவருக்கு ஆசை வேற: "யூடியூப்ல அமெரிக்காக்காரங்க செய்யற மாதிரி புதுக் கட்டை, ஸ்கோப், நல்ல ட்ரிகர் எல்லாம் போட்டு கஸ்டமைஸ் பண்ணலாம்னு இருக்கேன். கையில 1.5 லட்சம் இருக்கு. இது இன்வெஸ்ட்மென்ட் தானே ப்ரோ?"

ஒரே வரியில 'இல்லை'ன்னு சொல்லிடலாம். ஆனா ஏன்னு புரியணும். இதுல தப்பு பண்ணினா பணம் மட்டும் போகாது, ஆளே உள்ள போக வேண்டியிருக்கும்.

முதல்ல பொருளைப் பாப்போம். இது போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளினா ஒரு தோட்டா உள்ள போகும். நம்ம நாட்டு .315, மேற்கு வங்காளத்துல இருக்கற இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில செஞ்சது. ராணுவத்தோட பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பேதான், தோட்டா மட்டும் வேற. ராணுவத்தோட .303 தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில ஓடக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துலயே முடிவு பண்ணினதால, சிவிலியனுக்குன்னு 8 மி.மீ. அளவுல .315 வந்தது. 2021-ல பாதுகாப்புத் தளவாட ஃபேக்டரிகளை ஏழு கம்பெனியா பிரிச்சப்போ, இஷாப்பூரும் நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒரே கம்பெனிக்குக் கீழ போச்சு.

தாத்தா இதை வாங்கினது வேட்டைக்கு. அந்தக் காரணமே இன்னிக்கு இல்லை. 1972-ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1991 திருத்தத்துல வேட்டை லைசன்ஸ் கொடுக்கற ஏற்பாட்டையே எடுத்துட்டாங்க. "பயிரை அழிக்கிற காட்டுப்பன்னியைச் சுடலாமே?"ன்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில அரசு அறிவிச்சது என்னன்னா, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியைச் சுடலாம், ஆனா சுட வேண்டியது வனத்துறை ஆட்கள். நீங்களும் நானும் இல்லை. அதனால இந்த ரைபிளை 'வேட்டைத் துப்பாக்கி'ன்னு சொல்றதே இப்போ பழைய நினைப்புதான்.

இப்போ கஸ்டமைஸ் விஷயம். அந்த வீடியோக்கள்ல பேரலை வெட்டிக் குட்டையாக்குவாங்க, வேற காலிபருக்கு மாத்துவாங்க, வீட்லயே தோட்டா செஞ்சு அளவு பார்ப்பாங்க. இங்க இதெல்லாம் வேற கதை. 1959 ஆயுதச் சட்டத்துல 5, 6-ஆம் பிரிவுகளைப் படிச்சுப் பாருங்க. லைசன்ஸ் இல்லாம ரிப்பேர், மாற்றம், தோட்டா தயாரிப்பு, பேரல் குட்டையாக்கறது எல்லாமே குற்றம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் இதுக்குக் குறைஞ்ச தண்டனையே 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையா மாத்தறதையும் அந்தத் திருத்தத்துல சேர்த்துட்டாங்க. கார்ல அலாய் வீல் மாத்தற மாதிரி நினைச்சுடாதீங்க.

உண்மையில இந்த ரைபிளுக்குத் தேவைப்படறது ரொம்பச் சாதாரணமான வேலை. நோணாங்குப்பம் சுண்ணாம்பாத்துக்கும் கடலுக்கும் பக்கம். உப்புக்காத்துல இரும்பு துருப்பிடிக்கும், மரக்கட்டை ஈரத்தை இழுத்து ஊதும். ஊதின மரம் பேரலை ஒரு பக்கமா அழுத்தும், அப்போ குறி நகரும். 'துப்பாக்கி சரியில்லை, ஸ்கோப் போடணும்'னு பல பேர் நினைக்கறதுக்குக் காரணம் இதுதான். ரிப்பேர் லைசன்ஸ் இருக்கற கடையில கொடுத்து, கட்டைக்குள்ள பேரல் உக்கார்ற இடத்தைச் சரிபண்ணி, எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கி, உள்ள சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டா பாதிக் குறை போயிடும். ஸ்கோப், புதுக் கட்டை மாதிரி எதைச் சேர்க்கறதா இருந்தாலும், முதல்ல லைசன்ஸ் கொடுத்த ஆபீஸ்ல எழுதிக் கேளுங்க.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். சொத்துன்னா அதை வித்துக் காசாக்க முடியணும். இதை லைசன்ஸ் இருக்கறவருக்கு மட்டும்தான் விக்கலாம். அதுவும் கலெக்டர் ஆபீஸுக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்துல தகவல் கொடுத்து 45 நாள் காத்திருந்து. வாங்கற ஆளும் ரொம்பக் குறைவு, ஏன்னா 2019 திருத்தத்துல ஒருத்தர் வச்சிருக்கற எண்ணிக்கையை 3-ல இருந்து 2 ஆக்கிட்டாங்க. வாடகை, வட்டி, டிவிடெண்ட் எதுவும் வராது. செலவு மட்டும் வந்துட்டே இருக்கும்: 5 வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல், பூட்டி வைக்க இரும்புப் பெட்டி, தோட்டா, சர்வீஸ். தேர்தல் நேரத்துல ஒப்படைக்கச் சொன்னா ஸ்டேஷனுக்கு அலைச்சல் வேற.

அந்த 1.5 லட்சத்தை வருஷம் 7% வட்டியில 10 வருஷம் விட்டா சுமார் 2.95 லட்சம். ரைபிள்ல போட்டா? ஸ்கோப்போட விலை வாங்கின அன்னிக்கே இறங்கிடும்.

ஆனா அப்பாவோட ஆசையை நான் தள்ளிவிட மாட்டேன். தாத்தா ஞாபகமா ஒரு பொருள் வீட்ல இருக்கட்டும்னு நினைக்கறது நியாயம்தான், அதுக்கு வழியும் இருக்கு. 2016 ஆயுத விதிகள் 25-ஆம் விதிப்படி, லைசன்ஸ்தாரர் இறந்தாலோ, 70 வயசு ஆனாலோ, 25 வருஷம் வச்சிருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு 71, அதனால வாசல் திறந்திருக்கு. உங்களுக்கு 21 தாண்டணும், தாண்டியாச்சு. மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்ல பத்திரமா வைப்பேன்னு உறுதிமொழி எல்லாம் கேப்பாங்க. கொடுக்கறதும் மறுக்கறதும் அதிகாரி முடிவு.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதீங்க. அப்பாவோட லைசன்ஸ்ல யூ.ஐ.என். நம்பர் இருக்கா, தேதி முடியலையான்னு இன்னிக்கே எடுத்துப் பாருங்க. காலாவதியான லைசன்ஸோட ரைபிள் வீட்ல இருந்தா அது கள்ளத் துப்பாக்கி கணக்குதான். அப்படி ஆகியிருந்தா உடனே ஸ்டேஷன்லயோ லைசன்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கோங்க, அப்புறம் மாத்தறதைப் பத்தி யோசிக்கலாம்.

சுடற ஆசைதான் உண்மையான ஆசைன்னா வேற வழி இருக்கு. 20 ஜூலுக்கு மேல போகாத, .177 அளவு ஏர் ரைபிளுக்கு ஆயுத லைசன்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக்ல இருக்கற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியும் அதே 4.5 மி.மீ. அளவுலதான். உலகக் கோப்பையில தங்கம் வாங்கின இளவேனில் வாலறிவன் பொறந்தது உங்களுக்குப் பக்கத்துல இருக்கற கடலூர்ல. அதுக்கு மேல போகணும்னா 50 மீட்டர் .22 ரைபிள் இருக்கு. 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினது அதுலதான். ட்ரிகர் எடை, கட்டை நீளம், கன்னம் வைக்கிற உயரம்னு நீங்க ஆசைப்படற ட்யூனிங் எல்லாம் அந்த ரைபிள்கள்ல போட்டி விதிக்குள்ளேயே செய்யலாம்.

முதல்ல ஒரு கிளப்ல போய் 3 மாசம் அவங்க ரைபிள்லயே சுட்டுப் பாருங்க. அப்பவும் ஆசை இருந்தா, என்ன பட்ஜெட்னு கமென்ட்ல சொல்லுங்க, உக்காந்து கணக்கு போடுவோம்.